குதிரைக்கு இன்னொரு பக்கம்

போன மாசிக்குப் பிறகு நான் சாரத்தில் ஏறுவதில்லை. முட்டிகள் இரண்டும் கூட்டணி வைத்து என்னைக் கீழே இறக்கிவிட்டன. சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று, சாத்தூரில் ஃபைபர் சிலை செய்யும் பையன்கள் தங்கள் புது மெஷினைத் திறந்துவைக்கக் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால், மெஷினே தெர்மகோலைக் குடைந்து சிலையை வெட்டித் தள்ளுகிறது. நான் ரிப்பனை வெட்டினேன், அது ஒரு பிள்ளையாரை வெட்டியது. பிறகு என் கையில் மைக்கைக் கொடுத்து, “அண்ணாச்சி, நீங்க எந்தக் காலேஜ்ல சிற்பம் படிச்சீக?” என்று கேட்டார்கள். எனக்கு வந்த சிரிப்பில் மைக் கீழே விழுந்ததுதான் மிச்சம், பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் காலேஜ் ஷூட்டிங் ஃப்ளோர். விருதுநகரில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன் சினிமாவில் பேர் வரும் என்று சென்னைக்கு ரயில் ஏறினேன். கொஞ்ச நாள் பசை காய்ச்சினேன், கொஞ்ச நாள் தெர்மகோல் அறுத்தேன், அப்புறம் பெரிய உருவங்கள் என் கைக்கு வந்தன. என் படிப்பு அம்புட்டுத்தான்.

ஆனால் அந்த வேலை இருக்கிறதே, அதைப்போல ஒரு கூத்து உலகத்தில் கிடையாது. தெர்மகோல் பாளங்களைப் பசை போட்டு அடுக்குவோம். கரண்டில் சூடேறிய கம்பியை இழுத்தால் வெண்ணெய் அறுப்பதுபோல் அறுக்கும். கத்தியால் மூக்கு முழி திருத்தி, உப்புத்தாள் போட்டு, பழைய காடாத் துணியைப் பசையில் முக்கி மேலே ஒட்டுவோம். அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த பூச்சு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே மணலைக் கைநிறைய அள்ளி வீச வேண்டும். கொஞ்சம் காயவிட்டு வீசினால் மணல் திட்டுத் திட்டாக உதிர்ந்து, கல்லுக்குச் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். சரியாக வீசினால் சாட்சாத் கருங்கல். ஒரு கையில் டீ கிளாஸ், மறு தோளில் கோயில் தூண் என்று நான் ஃப்ளோருக்குள் நடந்து போவேன். ஒருமுறை தயாரிப்பாளரின் மாமனார் ‘பாறை’மேல் உட்கார்ந்து இடுப்புவரை உள்ளே போய்விட்டார். அவரை வெளியே இழுக்க நாங்கள் சிரிப்பை முடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஆர்ட் டைரக்டர் பரமசிவம் சார். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். காலையில் வந்ததும் முதல் கேள்வி, “கேமரா எங்கப்பா நிக்குது?” அந்த இடத்தில் போய் நின்று, ஒரு கண்ணை மூடி, இரண்டு கை விரல்களாலும் சட்டம் கட்டி அதற்குள் பார்ப்பார். அந்தச் சட்டத்துக்குள் தெரிவதுதான் உலகம். தெரியாத இடத்தில் ஒரு தடவல் கூடுதலாகத் தடவினாலும் அவருக்கு மனசு தாங்காது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு ராஜா சிலைக்குப் பின்மண்டையில் சுருள் சுருளாக முடி வைத்துக்கொண்டிருந்தேன். சார் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என் தோளில் கைவைத்து, காதோடு கேட்டார்: “தம்பி, இந்தப் பின்மண்டையைப் பாக்க யாரு டிக்கெட் எடுக்குறா?” அதோடு சரி. அதற்குப் பிறகு என் சிலைகளுக்கெல்லாம் முன்னால் தேஜஸ், பின்னால் சவுக்குக் கம்பும் சணலும் பழைய பேப்பரும்தான்.

என் சம்சாரம் தங்கம் திருத்தங்கல்காரி. கல்யாணமான புதிதில், நான் ராப்பகலாகச் செய்த ஒரு யாளியைக் காட்ட அவளையும் அவள் அண்ணன் தம்பிகளையும் சிவகாசித் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யாளி வரும் நேரம் பார்த்து அவள் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது கதாநாயகி பாடிக்கொண்டிருந்தாள்.

“எங்கங்க யாளி?”

“போயிருச்சு.”

“என்னங்க இது, மின்னல்கூட ரெண்டு தடவ வெட்டுமே!”

மச்சான்கள் இண்டர்வெல் வரைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்த வார்த்தை உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. என் கையால் ஒரே ஒரு பொருளாவது வைத்த இடத்தில் இருக்க வேண்டும், பார்க்கிறவன் வேண்டிய மட்டும் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு, எதைக் கேட்டாலும் “அதைக் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். வேலை சுருங்கியது. நான் திருத்தங்கலுக்கு வந்துவிட்டேன்.

வந்த இடத்தில் என்ன வேலை? வெடிக்கடை மாடிகளில் நிறுத்த ஆளுயர ராக்கெட், குடம் அளவுக்கு லட்சுமி வெடி, பேருந்தில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிற மாதிரி பூச்சட்டி. தீபாவளி சீசன் முடிந்தால் நான் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஊரில் எனக்குப் பேர் ‘செட்டுக்காரர்’. சிற்பி என்று சொன்னால் பால்காரரே நம்பவில்லை. அந்த நேரத்தில் பரமசிவம் சார் போன் செய்தார். டிவியில் பெரிய புராணத் தொடர், வருஷம் முழுக்க வேலை, உடனே வா என்றார். தங்கத்துக்குக் காலண்டர் பிரஸ்ஸில் வேலை, மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம். அவள் ஒரு தீர்ப்புச் சொன்னாள்: “பங்குனி உத்திரம் வரைக்கும் பாப்போம். இங்கன பொழைக்க வழி தெரிஞ்சா இருப்போம். இல்லன்னா நீங்க முன்ன போங்க, நாங்க பின்னால வாரோம்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் போக இஷ்டமே இல்லை. எனக்கும்தான்.

அப்போதுதான் ஆமத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கோபால்சாமி என்பவர் பைக்கில் வந்து இறங்கினார். பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். ஊர்க் கோயில் கமிட்டிக்கும் அவர்தான் எல்லாம்.

“அண்ணாச்சி, குதிரை செய்வீகளா?”

“எந்தப் படத்துக்கு?”

“அய்யனாருக்கு.”

அவர்கள் ஊரே பட்டாசு வேலைக்குப் போகிற ஊர். எல்லைக் கண்மாய்க்கரையில் அய்யனார். மண்குதிரைகள் மழையில் கரைந்து, மாடு உரசிக் காது போய், வருஷா வருஷம் மனக்குறை. ஆள் ரெண்டு பேர் உயரத்துக்குச் சிமெண்டில் ஒன்று, நிரந்தரமாக நிற்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்குக் கண் திறப்பு. “அன்னிக்குச் சுத்துப்பட்டி ஊர்க்காரக எல்லாம் வருவாக. புடிச்சுப்போச்சுன்னா உங்களுக்குக் குதிரை குதிரையா ஆர்டர் வரும்” என்றார் கோபால்சாமி. அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். மனிதர் கூச்சத்தில் நெளிந்தார்.

மறுநாளே இடம் பார்க்கப் போனேன். குதிரை வடக்கே பார்த்து நிற்க வேண்டும். அதற்கு வலப்பக்கம் சிவகாசி போகும் தார்ரோடு. இடப்பக்கம் ஊர். என் கால் தானாக ரோட்டுக்கு நடந்தது. என் கண் ஒன்று தானாக மூடியது. விரல்கள் சட்டம் கட்டின. ஒரு பஸ் போனது, ஜன்னல் ஜன்னலாக முகங்கள். ஆகா, கேமரா இங்கேதான் நிற்கிறது!

முறுக்குக் கம்பியை வளைத்துக் கட்டினேன். அதன்மேல் கோழி வலை, வலைக்குள் செங்கல் துண்டு, மேலே சிமெண்டு. தெர்மகோல் தொட்ட கைக்குச் சிமெண்டு பெரிய சோதனை. அப்பிய சிமெண்டு அப்பிய இடத்தில் நிற்காது, வயிறு வயிறாகச் சரியும். ஒரு நாள் குதிரைக்குத் தாடி முளைத்தது. கம்பியில் ஆணி அடித்ததுபோல் துண்டுக் கம்பிகளைக் குத்திவைத்து, மெல்லிசாக ஒரு பூச்சு, அது இறுகியதும் இன்னொரு பூச்சு என்று பழகினேன். எங்கள் பக்கத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு வெயில் அடித்தால் பூச்சு வெடித்துவிடும் என்று, ஊர்ப்பக்கம் முழுக்கச் சாரம் கட்டி ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தேன்.

ஊர்ச்சனம் காலையில் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறும், சாயங்காலம் அங்கேயே இறங்கும். அவர்கள் பார்த்ததும் ரோட்டுப் பக்கத்தைத்தான். கழுத்து நரம்பு புடைத்து, மூக்கு விடைத்து, பிடரி பறந்து, கண்ணில் கோபம் கொப்பளிக்க ஒரு குதிரை. சேணத்தில் பூ வேலை, கால் வைத்து ஏறத் தொங்கும் அங்கவடி, கால் குளம்பில் ஆணிகூட வைத்திருந்தேன். “யாத்தே, கனைக்கப் போகுதுடி!” என்று பஸ்ஸுக்குள்ளிருந்து பெண்கள் கத்துவார்கள். டிரைவர் ஹார்ன் அடித்து அதற்குச் சலாம் போடுவார். நான் தரையில் நடக்கவில்லை. பால்காரரிடம் நின்று நிதானமாக, “சிற்பி வீட்டுக்குப் பால் ஊத்தியாச்சா?” என்று கேட்டேன்.

உத்திரத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, வெள்ளையடிக்கச் சாக்கை இறக்கலாம் என்று கோபால்சாமி சொன்னார். ஊரே கூடியது. ஒரு பெண் குலவைக்கு வாயைத் திறந்து தயாராக நின்றாள். கயிற்றை அவிழ்த்தேன், சாக்குகள் விழுந்தன. குலவை வரவில்லை.

ஊர்ப்பக்கம் குதிரையே இல்லை. தட்டையான ஒரு சிமெண்டுச் சுவர். பாதித் தலை, அதில் கண் கிடையாது, காது கிடையாது. கோழி வலை அங்கங்கே பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கால்கள் இரண்டும் சதுரமான செங்கல் தூண்கள். எனக்கோ அதில் ஒன்றுமே தப்பாகத் தெரியவில்லை. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முன்னால் நின்ற பேச்சியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். சரவெடி பின்னுகிறவள். குதிரைக்கு நேர் எதிரே அவள் வீடு.

“ஏண்ணாச்சி, இது குதிரையா, குதிரை போட்ட காலண்டரா? முன்னால படம் இருக்கு, பின்னால அட்டை இருக்கு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் வீராப்பாக, “ரோட்டுலருந்து பாத்தா இது தெரியாதுல்ல?” என்றேன்.

“ரோட்டுல போறவன் கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள ஆமத்தூர் போயிருவான். நாங்க கதவைத் தொறந்தா இதுலதான முழிக்கணும்? அவனுக்கு மூஞ்சி, எங்களுக்கு முதுகா?”

கோபால்சாமி சிரிக்கவில்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: “அண்ணாச்சி, குதிரையில இடப்பக்கமாத்தான ஏறுவாக? அங்கவடியை வலப்பக்கம் மட்டும் வெச்சிருக்கீக. அய்யனார் ரோட்டுப் பக்கமாவே ஏறி ரோட்டுப் பக்கமாவே எறங்கிப் போயிட்டா, எங்க ஊரை யாரு காக்குறது? நாங்க வெடிமருந்துல கைய வெச்சுப் பொழைக்கிறவுக. காலைல பஸ் ஏறுறப்ப அவரு இருக்காருங்கிற நம்பிக்கையிலதான் ஏறுறோம்.”

வீராப்பெல்லாம் எனக்கு அங்கேயே இறங்கிப்போனது. அதுவரைக்கும் நான் ஒரு உருவம் செய்துகொண்டிருந்தேன். இவர்கள் காவலுக்கு ஒரு வாகனம் கேட்டிருக்கிறார்கள். அதிலே பாதியைக் கொடுத்துவிட்டு நான் பால்காரரிடம் பெருமை பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இடித்துப் போட்டுவிட்டு மண்குதிரையே வைப்போம் என்று இரண்டு மூன்று பேர் குரல் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

“ஒரு வாரம் குடுங்க. இந்தப் பக்கத்தையும் முடிக்கிறேன்” என்றேன்.

“ஒத்தையிலயா?” என்றாள் பேச்சியம்மாள். “வெளங்குனாப்லதான். ஏலே, சாந்து குழைங்கலே!” என்று இளவட்டங்களை விரட்டினாள். திருவிழாவுக்காகக் கம்பெனி லீவு. ஊர் மொத்தமும் என்மேல் இறங்கியது.

பழக்க தோஷம், ஊர்ப்பக்கம் போய் நின்று விரலைச் சட்டம் கட்டினேன். எங்கே நிற்பது? அங்கே கேமரா நிற்க ஒரு இடம் இல்லை. “நீங்கள்லாம் எங்கன நின்னு பாப்பீக?” என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன். பேச்சியம்மாள் தன் வாசலுக்கு இழுத்தாள். ஒருவர் தன் கட்டிலில் படுத்துப் பார்க்கச் சொன்னார். குழாயடியிலிருந்து தெரிகிறதா என்று ஒரு கூட்டம் கூட்டிக்கொண்டு போனது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மாட்டுத்தொழுவில் குனிந்து, வேப்பமரத்தில் பாதி ஏறி என்று ஊரையே ஒரு சுற்று சுற்றினேன். போன இடத்திலெல்லாம் ஒரு காப்பி. பத்து விரலையும் மடக்கிக்கொண்டேன். இனி எந்தப் பக்கம் நின்றாலும் குதிரையாக இருந்தால்தான் குதிரை.

தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டிக் காலாக்கினோம். சுவருக்கு வயிறு வைத்தோம். பிடரிதான் முரண்டு பிடித்தது. மெல்லிசாக ஒவ்வொரு மயிராக இழுக்க நேரம் கிடையாது. சினிமாவில் துணியைப் பசையில் முக்குவோமே, அது நினைவுக்கு வந்தது. சணலைச் சிமெண்டுப் பாலில் முக்கிப் பொருத்தலாம் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பெண்கள் சணலைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் விரலுக்குத் தெரிந்தது சரம் பின்னுவது. சரசரவென்று பின்னி நீட்டினார்கள். அதை அப்படியே பாலில் முக்கிக் கழுத்தில் தொங்கவிட்டேன். காற்றில் பறக்கும் பிடரி ஒரு பக்கம், எண்ணெய் வைத்துச் சடை போட்ட பிடரி மறுபக்கம். “பள்ளிக்கூடத்துக்குப் போற குதிரை” என்று யாரோ சொல்ல, சாரத்தில் நின்ற எல்லாரும் சிரித்து ஆட, சாரமே ஆடியது. அந்த ஒரு வாரமும் அப்படித்தான் போனது. நான் வாய் செய்யும்போது கீழே ஒருவர் நான் நடக்கிற மாதிரி நடந்துகாட்டினார். கண் செய்யும்போது பேச்சியம்மாள் தன் மாப்பிள்ளை பெண் பார்க்க வந்து, தவறிப் பக்கத்து வீட்டில் பலகாரம் தின்றுவிட்டுப் போன கதையைச் சொன்னாள்.

வெள்ளையடித்து, சாரத்தைப் பிரித்து, தள்ளி நின்று பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. வலப்பக்கம் முறைக்கிறது. இடப்பக்கம் சிரிக்கிறது. சாதாரணச் சிரிப்பு இல்லை, பல் தெரிய, கண் இடுங்க, நல்ல ஊர் வம்பு ஒன்றைக் கேட்டமாதிரிச் சிரிப்பு.

விடிந்தால் உத்திரம். உளியை எடுத்துக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். பேச்சியம்மாள் ஏணியைப் பிடித்து நிறுத்தினாள்.

“எங்க போறீக?”

“வாயைத் திருத்தணும்மா. சாமி வாகனம் பல்லைக் காட்டுது.”

“கை வெச்சீகன்னா ஏணியை உருவிருவேன்! ரோட்டுல வர்றவன் கள்ளனோ நல்லவனோ, அவனை முறைக்கட்டும். நாங்க அது வீட்டு ஆளுக. எங்களைப் பாத்துச் சிரிக்காம வேற யாரைப் பாத்துச் சிரிக்கும்?”

கோபால்சாமியைப் பார்த்தேன். அவர் இடப்பக்கத்து அங்கவடியைக் கையால் ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. “இருக்கட்டும் அண்ணாச்சி” என்றார்.

உத்திரத்தன்று தங்கமும் மகளும் வந்தார்கள். பூசாரி குதிரைக்குக் கண் திறந்து, ரோட்டுப் பக்கம் நின்று தீபாராதனை காட்டினார். வேட்டுக்குக் கேட்க வேண்டுமா, ஊரே வேட்டு செய்கிற ஊர். வானம் ஓயவில்லை. தீபாராதனை முடிந்ததும் கூட்டம் ஒருவர் பின் ஒருவராகக் குதிரையைச் சுற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் போனது. அங்கே போனவர்கள் திரும்பவில்லை. தரையில் உட்கார்ந்து, குதிரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பொங்கல் சாப்பிட்டார்கள். பிள்ளைகள் அதன் காலைக் கட்டிக்கொண்டு நின்றன. நான் தங்கத்தின் பக்கத்தில் நின்று, அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷத்தில் என் வேலையை யாரும் இப்படி ஆற அமரப் பார்த்ததில்லை.

பக்கத்து ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர், தலையில் துண்டு கட்டியவர், ரோட்டுப் பக்கம் போய் நின்றார். ஊர்ப்பக்கம் வந்து நின்றார். மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். கடைசியில் நேராக எங்களிடம் வந்தார்.

“செஞ்சது நீங்கதானா?”

“ஆமாங்க.”

“எங்க ஊருக்கும் ஒண்ணு செய்யணும். ஆனா ஒண்ணு.” குரலைத் தாழ்த்தினார். “அந்த முறைக்கிற பக்கம் எங்களுக்கு வேண்டாம். ரெண்டு பக்கமும் இந்தப் பக்கமே வெச்சுக் குடுத்துருங்க.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் தங்கம் முன்னால் வந்தாள்.

“செய்வாருங்க” என்றாள். “திருத்தங்கல்ல வந்து சிற்பி வீடு எதுன்னு கேளுங்க. இங்கனதான் இருப்போம்.”